எடுக்கத் தெரிந்த கை: சர்வர் கிளஸ்டர் நிர்வாகிகளைப் பயிற்றுவிப்பது குறித்து



கணினித் துறையில் கையால் செய்து பழக வேண்டிய வேலைகளைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்ற நோக்கத்தில் அமைந்த சொற்பொழிவு இது. அந்த நோக்கத்தை மதித்தே பொருளைத் தேர்ந்தேன். பல வெப் சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து, வருகிற சுமையை அவற்றுக்குள் பங்கிட்டு ஓட்டுகிற கிளஸ்டர்களை நடத்துவதற்கு நிர்வாகிகளை எப்படிப் பழக்குவது என்பதே அது. வழங்கி, சுமைப் பகிர்வி என்று நல்ல தமிழ்ச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் "ரெண்டாவது சர்வர் போயிருச்சு" என்றுதான் பேசிக்கொள்கிறோம். அந்த வேலையிடத்துச் சொற்களையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

நான் வலியுறுத்த வந்தது ஒரே ஒரு கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரிலிருந்து ஒரு சர்வரை, பயன்படுத்துவோர் எவருக்கும் தெரியாமல், பத்திரமாக வெளியே எடுப்பது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடமாக இருக்க வேண்டும். நம்முடைய பயிற்சிகள் நிறுவுவதில் தொடங்கி நிறுவுவதிலேயே முடிகின்றன. மென்பொருளை இறக்கு, அமைப்புக் கோப்பை எழுது, இரண்டு சர்வர்களின் முகவரியைக் கொடு, பிரவுசரில் பக்கம் வந்தால் கைதட்டு. எடுப்பதை எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தேரை இழுக்க ஊரே வடம் பிடிக்கிறது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை மட்டும் தனியாகப் பழக்குகிறார்கள். நம் தொழிலில் அந்தத் தனிப் பழக்கம் இல்லை.

1. இந்தக் கருத்து எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மூன்று வெப் சர்வர்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு லோடு பேலன்சர், பின்னால் ஒரு தரவுத்தளம். முடிவு வெளியாகும் நாள் காலை பத்து மணி. சற்று நேரத்தில் புகார்கள் வரத் தொடங்கின. சிலருக்கு மதிப்பெண் வருகிறது, பலருக்குப் பிழைப் பக்கம் வருகிறது.

இரண்டாம் சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்திருந்தது. அதனால் அது கேட்ட மாத்திரத்தில் பிழையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எந்த சர்வரிடம் இணைப்புகள் குறைவோ அதற்கே அடுத்த கோரிக்கை என்று நாங்கள் விதி வைத்திருந்தோம். ஒழுங்காக வேலை செய்த இரண்டும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரம் எடுத்துக்கொண்டன. வேலை செய்யாதது உடனுக்குடன் கைவிரித்துவிட்டு எந்நேரமும் காலியாக நின்றது. காலியாக நின்றதால் பேலன்சர் அதனிடமே மேலும் மேலும் அனுப்பியது. சர்வர் நலமா என்று பேலன்சர் அவ்வப்போது பார்க்கும் ஹெல்த் செக் என்ன செய்தது? அது முகப்புப் பக்கத்தை மட்டும் கேட்டுப் பார்த்தது. முகப்புப் பக்கத்துக்குத் தரவுத்தளம் தேவையில்லை. ஆகவே 'நலம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் அந்த சர்வரை அப்படியே நிறுத்தினேன். அதுவரை அது விழுங்கிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் மற்ற இரண்டின் மேல் விழுந்தது. சில நிமிடங்களில் அவை இரண்டும் மூச்சுத் திணறி நின்றன. அதற்கு முன் சிலருக்காவது மதிப்பெண் கிடைத்தது. நான் கை வைத்த பிறகு எவருக்கும் கிடைக்கவில்லை. ஏதோ ஓர் ஊரில், பிரவுசிங் சென்டரில் தகப்பனாரோடு நின்றுகொண்டு எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கக்கூடிய மாணவியை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்களில் மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று பேலன்சரில் உச்சவரம்பு வைத்தார். மிச்சப் பேர் பேலன்சரின் வரிசையில் காத்திருந்தார்கள். சர்வர்கள் இரண்டும் எழுந்தன. பிறகு இரண்டாம் சர்வரைச் சரிசெய்து, முதலில் கொஞ்சமாகவும் பிறகு முழுதாகவும் சுமை கொடுத்து உள்ளே கொண்டுவந்தார். எல்லாம் முடிந்த பின் என்னிடம் சொன்னார்: "தம்பி, நீ எடுத்தது தப்பில்ல. மத்த ரெண்டும் தாங்குமான்னு பாக்காம எடுத்ததுதான் தப்பு."

2. இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறே எடுக்க முடியாத சிக்கலில் தொடங்கியதுதான். 1994இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ மையம், தன் வலைத்தளத்துக்கு வந்த கூட்டத்தை ஒரு கணினியால் தாங்க முடியாமல், பல கணினிகளில் பிரித்து வைத்தது. வலைத்தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ், ஒரே பெயருக்குப் பல முகவரிகளை முறைவைத்துச் சுழற்றிக் கொடுக்கும் ஏற்பாடு அது. மறு ஆண்டு வெளிவந்த ஆர்எஃப்சி 1794 என்னும் ஆவணம் டிஎன்எஸ் வழியாகச் சுமையைப் பங்கிடுவதைப் பற்றியது. இந்த முறையில் புதிதாக ஒரு கணினியைச் சேர்ப்பது மிக எளிது. பட்டியலில் ஒரு வரி கூட்டினால் போதும். எடுப்பதுதான் முடியவில்லை. பட்டியலிலிருந்து முகவரியை நீக்கினாலும், பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் இறந்துபோன முகவரியின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

நடுவில் ஒருவர் நின்று, ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, இன்னாரிடம் போ என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. 1998இல் சீனாவின் வென்சோங் ஜாங் தொடங்கிய லினக்ஸ் வர்ச்சுவல் சர்வர் அதை லினக்ஸ் கெர்னலுக்குள் செய்தது. 2001இல் வில்லி டாரோ எழுதிய ஹெச்ஏபிராக்சியும், 2004இல் இகோர் சிசோயேவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸும் அந்த வேலையை எவரும் இலவசமாகப் பெறக்கூடியதாக ஆக்கின. மாணவர்கள் இவற்றை வேகத்துக்கான கருவிகளாகவே படிக்கிறார்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றவற்றால் ஓட்டுவதற்கான கருவி என்று சொல்லித் தொடங்கினால் பாடம் வேறு விதமாக அமையும்.

3. எடுப்பது என்றால் என்ன? நிறுத்துவதற்கும் எடுப்பதற்கும் இடையில் பல படிகள் உண்டு. புதியவர்களை அனுப்பாமல் இருப்பது முதல் படி. உள்ளே இருப்பவர்கள் வேலை முடிந்து வெளியேறும் வரை பொறுத்திருப்பது இரண்டாவது. அதன் பிறகே கதவைச் சாத்த வேண்டும். இதைத்தான் டிரெய்ன் செய்வது என்கிறோம். வயலில் தண்ணீர் வடிவதுபோல் வடியவிடுவது.

ஹெச்ஏபிராக்சியில் ஒரு சர்வரை 'டிரெய்ன்' நிலையில் வைத்தால், புதிதாக வருகிறவர்களைப் பேலன்சர் அங்கே அனுப்பாது. ஆனால் குக்கியால் அந்த சர்வரோடு ஏற்கெனவே பிணைக்கப்பட்டவர்களை அனுப்பும். ஹெல்த் செக்கும் தொடர்ந்து நடக்கும். 'மெயின்ட்' நிலையில் வைத்தால் எவரும் போக முடியாது, ஹெல்த் செக்கும் நிற்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால், இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களிலேயே பலர் தயங்குகிறார்கள்.

குக்கியால் பிணைக்கப்பட்டவர்கள் என்றேன். இங்கேதான் எடுப்பது கடினமாகிறது. ஒருவர் உள்நுழைந்து, பொருள்களைக் கூடையில் போட்டிருக்கிறார். அந்தச் செஷன் விவரம் அந்த ஒரு சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருந்தால், சர்வரை எடுத்த நிமிடம் அவருடைய கூடை காலியாகிவிடும். செஷனை ரெடிஸ் அல்லது தரவுத்தளம் போன்ற பொது இடத்தில் வைத்திருந்தால் எந்த சர்வரும் அவரைத் தொடர்ந்து கவனிக்கும். பதிவேற்றிய கோப்பு ஒரு சர்வரின் வட்டில் மட்டும் இருப்பது, குறித்த நேரத்தில் ஓட வேண்டிய பணி ஒரு சர்வரில் மட்டும் எழுதப்பட்டிருப்பது ஆகியவையும் இதே வகைதான். இவை நிறுவும்போது கண்ணில் படாது. எடுத்துப் பார்க்கும்போதுதான் வெளியே வரும். ஆகவே எடுத்துப் பார்ப்பது ஒரு பராமரிப்பு வேலை மட்டுமன்று, கிளஸ்டரின் வடிவமைப்பையே சோதிக்கும் முறை. மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

4. அண்ணன் சொன்ன 'தாங்குமா' என்ற கேள்வி கூட்டல் கழித்தல் கணக்குத்தான். நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றும் 80 விழுக்காடு சுமையில் ஓடுகின்றன. இருபது விழுக்காடு மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். மொத்தச் சுமை 320. ஒன்றை எடுத்தால் மூன்று சர்வர்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 107 சுமக்க வேண்டும். முடியாது. அதில் ஒன்று விழும். மிச்சம் இரண்டும் 160 சுமக்க நேரும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சரியும். அதே நான்கும் 60 விழுக்காட்டில் ஓடினால், ஒன்றை எடுத்த பின் மூன்றும் 80இல் நிற்கும்.

80இல் நிற்பதும் சும்மா அல்ல. ஒரே வரிசை, ஒரே ஊழியர் என்ற எளிய மாதிரியில், சுமை 60 விழுக்காடு என்றால் ஒருவர் முடித்து வெளியேற ஆகும் நேரம், கூட்டமே இல்லாதபோது ஆவதைப்போல் இரண்டரை மடங்கு. 80 என்றால் ஐந்து மடங்கு. 90 என்றால் பத்து மடங்கு. ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். கூட்டம் சிறிதே கூடினாலும் ஒரு கட்டத்துக்குப் பின் காத்திருப்பு தாறுமாறாக ஏறும்.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் சில மணி நேரம் முடங்கியது. அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தின்படி, சில சர்வர்களை எடுப்பதற்கான ஒரு கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாக அடிக்கப்பட்டது. எண்ணியதைவிட மிக அதிகமான சர்வர்கள் எடுக்கப்பட்டுவிட்டன. அடிப்படையான துணை அமைப்புகளை முழுமையாக மறுதொடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. பெரிய பகுதிகளில் பல ஆண்டுகளாக அப்படிச் செய்ததே இல்லையாதலால், எழுந்து நிற்க எதிர்பார்த்ததைவிட நேரமானது. அதன் பிறகு எடுக்கும் கருவியை மாற்றினார்கள். மெதுவாக எடுக்கும்படியும், குறைந்தபட்சத் திறனுக்குக் கீழே போகும் எனில் எடுக்க மறுக்கும்படியும் செய்தார்கள். அண்ணனின் கேள்வியைக் கருவியே கேட்கும்படி வைத்துவிட்டார்கள்.

5. இப்போது எட்டு சர்வர்களின் கதை. நைட் கேப்பிட்டல் அப்போது அமெரிக்காவின் பெரிய பங்கு வணிக நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. 2012 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்கவிருந்தது. அதற்காக, ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பும் தங்கள் எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்றினார்கள். ஏழில் ஏற்றப்பட்டது. எட்டாவதில் ஏற்ற விட்டுப்போயிற்று. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய மென்பொருள் பயன்படுத்திய அதே அடையாளக் குறி, அங்கே அந்தப் பழைய நிரலை எழுப்பிவிட்டது.

வாடிக்கையாளர்களின் 212 ஆணைகளை நிறைவேற்றும் போக்கில் அந்த அமைப்பு 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செய்து முடித்தது. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013இல் பதிவு செய்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த அமைப்பு 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டில் ஒன்று விட்டுப்போவது எவருக்கும் நேரலாம். அடுத்த நிகழ்வைத்தான் நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். சிக்கல் புதிய மென்பொருளில் இருக்கும் என்று எண்ணி, அது சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அதோடு அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. ஒரு சர்வரில் இருந்த நோய் எட்டுக்கும் பரவியது.

ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவை எப்படி நடக்கின்றன என்று பார்க்கும் பழக்கம் கையில் ஊறியிருந்தால், எட்டை ஒரே பொருளாக நினைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, பதிப்பை மாற்றி, சோதித்து, உள்ளே விட்டு, அதன் லாகை ஐந்து நிமிடம் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போகிறவர்கள் எட்டாவதை மறப்பது அரிது. மறந்தாலும், எட்டில் எது வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று தேடுவார்கள். நான் ஒரு நெருக்கடிக் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: எல்லாமே அப்படியா, இல்லை ஒன்று மட்டுமா?

6. மனிதர் எடுப்பதுபோல் பொறியும் தானாக எடுக்கிறது. ஹெல்த் செக்கின் வேலை அதுதான். ஹெச்ஏபிராக்சியின் இயல்பான அமைப்பில் 2 வினாடிக்கு ஒருமுறை சோதனை நடக்கும். தொடர்ந்து 3 முறை தவறினால் சர்வர் வெளியே. தொடர்ந்து 2 முறை தேறினால் மறுபடி உள்ளே. அதாவது ஒரு சர்வர் செத்து ஏறக்குறைய 6 வினாடி வரை அதற்குக் கோரிக்கைகள் போய்க்கொண்டிருக்கும். வினாடிக்கு 500 கோரிக்கைகள் நான்கு சர்வர்களுக்குப் பிரிந்தால், அந்த 6 வினாடியில் 750 கோரிக்கைகள் செத்த சர்வரின் வாசலுக்குப் போகும். இந்தக் கணக்கை மாணவர்களே போட வேண்டும்.

சோதனை எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதில் நூல்கள் சொல்வதைவிட நான் சற்றுக் கவனமாக இருப்பேன். முகப்பை மட்டும் பார்த்த சோதனை என்னை ஏமாற்றியது என்றேன். அதற்காகத் தரவுத்தளம் வரை சோதித்தால் வேறோர் ஆபத்து வரும். தரவுத்தளம் ஒரு நிமிடம் தடுமாறினால் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் 'நலமில்லை' என்று சொல்லும். பேலன்சர் அத்தனையையும் வெளியே எடுத்துவிடும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மறைந்ததன் உள்ளே இந்தக் கூறு இருந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்த டிஎன்எஸ் சர்வர்கள், அந்த விதிப்படியே இணையத்திலிருந்து தங்களை விலக்கிக்கொண்டன. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாகவே நடந்தது. எல்லாம் சேர்ந்து விலகினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத்தான் விதியில் இடமில்லை. என்வாய் என்ற பிராக்சியில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. நலமானவை பாதிக்குக் கீழே போனால் அது சோதனை முடிவை நம்புவதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் அனுப்பத் தொடங்கும். இந்தத் தடுப்பு ஏன் வேண்டும் என்று விளக்கத் தெரிந்த நிர்வாகி எனக்கு வேண்டும்.

7. பேலன்சரையே எடுக்க வேண்டி வந்தால்? இரண்டு பேலன்சர்கள், ஒரு பொது முகவரி, விஆர்ஆர்பி நெறிமுறை. தலைமை வினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். மூன்றரை வினாடி போலக் குரல் கேட்காவிட்டால் துணை எழுந்து முகவரியை எடுத்துக்கொள்ளும். இது பலருக்கும் தெரியும். ஃபயர்வாலில் நெறிமுறை எண் 112ஐத் திறக்க மறந்தால் இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல், இரண்டுமே தலைமை என்று நின்றுகொள்ளும் என்பது, ஒருமுறை தலைமையை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

8. எப்படிக் கற்பிப்பது? நான் நடத்தும் பயிற்சியில் முதல் நாளே ஓடுகிற கிளஸ்டரைக் கொடுத்துவிடுகிறோம். 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினியில் ஒரு பேலன்சர், மூன்று வெப் சர்வர், ஒரு தரவுத்தளம் என்று ஐந்து மெய்நிகர் பொறிகள் தாராளமாக ஓடும். ஜேமீட்டர் போன்ற கருவியால் அதன்மேல் இடைவிடாத சுமை. மாணவர் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு கோரிக்கைகூடத் தவறாமல் ஒரு சர்வரை எடுத்து, அரைமணி கழித்து உள்ளே வைக்க வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் எவராலும் முடிவதில்லை. எங்கே தவறுகிறது என்று தேடும்போது செஷன், இணைப்பு, காலக்கெடு, லாக் எல்லாவற்றையும் தாமே கற்றுக்கொள்கிறார்கள். நிறுவுவது மூன்றாம் வாரத்தில் வருகிறது. அதற்குள் எந்த வரி எதற்காக என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இடையில் பழுதுகளை நாங்களே வைக்கிறோம். ஒரு சர்வரின் வட்டை நிரப்புவோம். ஒன்றின் பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதியாக்குவோம். ஒன்றில் பழைய பதிப்பை விடுவோம். எனக்கு மிகவும் பிடித்தது, வெப் சர்வரைக் கொல்லாமல் 'ஸ்டாப்' சிக்னல் கொடுத்து உறையவைப்பது. உறைந்த பிறகும் அதன் சார்பில் கெர்னல் கொஞ்ச நேரம் இணைப்பை ஏற்றுக்கொண்டே இருக்கும். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை தேறிவிடும். பக்கத்தைக் கேட்கும் சோதனை தவறும். இந்த ஒரு பழுதைக் கண்டுபிடித்தவர் ஹெல்த் செக்கை மறக்கவே மாட்டார்.

பழுதை வேண்டுமென்றே வைப்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நெட்ஃபிளிக்ஸின் கேயாஸ் மங்கி என்ற கருவி, உண்மையான சேவையில் ஓடும் சர்வர்களையே, பொறியாளர்கள் விழித்திருக்கும் அலுவல் நேரத்தில் குருட்டாம்போக்கில் நிறுத்தியது. கூகுள் 2006இலிருந்து பேரிடர் ஒத்திகைகளை நடத்துகிறது.  நம் கல்லூரிகளில் தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறோம். கணினி ஆய்வகத்தில் மட்டும் ஒன்றும் உடையக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறோம். இது எனக்கு வருத்தம் தருகிறது.

"இப்போது எல்லாவற்றையும் குபெர்னடிஸ் மென்பொருள் பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கிறார்கள். பார்த்துக்கொள்ளும். ஆனால் அதிலும் 'டிரெய்ன்' என்ற அதே பெயரில் அதே வேலை இருக்கிறது. ஒரு நேரத்தில் இத்தனைக்கு மேல் எடுக்காதே என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. குபெர்னடிஸ் 'பாட்' என்று அழைக்கும் ஓர் அலகை நிறுத்தும்போது, நிறுத்தச் சொல்லும் செய்தியும் 'அதற்கு இனி அனுப்பாதே' என்ற செய்தியும் தனித்தனிப் பாதையில் போகின்றன. இரண்டாவது பிந்தினால் சில கோரிக்கைகள் மூடிய கதவில் மோதும். இயல்பாகக் கிடைக்கும் 30 வினாடி அவகாசத்தை எப்படிச் செலவிடுவது என்பது, வடியவிடுதலைக் கையால் செய்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிகிறது. மற்றவர்கள் எங்கிருந்தோ நகலெடுத்த வரியை ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

கடைசித் தேர்வைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சென்ற பயிற்சிக் குழுவில் ஒரு மாணவியிடம் மூன்று சர்வர் கிளஸ்டரைக் கொடுத்து, இரண்டாவதை எடுங்கள் என்றோம். சுமையை வேண்டுமென்றே கூட்டி வைத்திருந்தோம். அவர் விசைப்பலகையில் கை வைக்கவில்லை. திரையில் மூன்றின் அளவுகளையும் பார்த்து நோட்டில் எழுதினார்: 74, 71, 77. கூட்டினார், இரண்டால் வகுத்தார். நிமிர்ந்து, "இப்ப எடுக்க முடியாதுங்க சார். நாலாவது ஒன்னு சேத்துக் கொடுங்க, இல்லன்னா ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் எடுத்துத் தரேன்" என்றார். முழு மதிப்பெண் கொடுத்தோம். அன்று இரவு பதினொன்றே காலுக்கு அவரே ஆய்வகத்துக்கு வந்து, சுமை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டாவதை எடுத்தார்.